மேஜர் விழுங்கிய சாவி

எங்கள் தீவில் நடந்த போரைப் பற்றிக் கேட்டால், விஷயம் தெரிந்தவர்கள் சில பெரிய திருப்பங்களைச் சொல்வார்கள். செம்புச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுபோன கோபுரங்களை அரசாங்கத்தை எதிர்த்த மலைக்காரர்கள் வெடிவைத்துச் சாய்த்தது. அரசாங்கம் கடலை மறித்து உப்பு, மருந்து, டீசல் எதுவும் உள்ளே வராமல் அடைத்தது. தலைநகரில் இருந்தவர்கள் கூலிக்கு வெளிநாட்டுச் சிப்பாய்களைப் பிடிக்க, அவர்களுடைய சொந்த ராணுவமே அந்தச் சிப்பாய்களை ஊருக்குத் துரத்தியது. கடைசியாக, நியூசிலாந்துக் குளிரில் இரண்டு பக்கத்து ஆட்களும் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து, நடுங்கிக்கொண்டே சமாதானம் பேசியது.

எல்லாம் சரிதான். ஆனால் இந்தத் திருப்பம் எதுவும் கோருவா ஆற்றைத் திருப்பவில்லை. தீவு முழுக்கச் சண்டை நின்ற பிறகும் எங்கள் ஆற்றின் இரண்டு கரைகளும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. அதைத் திருப்பியது ஒரு பன்றி. எப்படி என்று ஒவ்வொரு பாகமாகக் கழற்றிக் காட்டுகிறேன். நான் மெக்கானிக். எனக்குச் சொல்ல வருவது அப்படித்தான்.

முதல் பாகம், மண். எங்கள் பக்கம் மண் பெண்ணுடையது. தாயிடமிருந்து மகளுக்குப் போகும். கல்யாணம் ஆனால் ஆண்தான் துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போவான். இந்தத் தீவில் எல்லா ஆணும் வீட்டோடு மாப்பிள்ளைதான், எவ்வளவு பெரிய தளபதியாக இருந்தாலும்.

கோருவாவின் இரண்டு கரை மண்ணும் தெக்லா, பெலிசித்தா என்ற அக்கா தங்கைக்குச் சொந்தம். இந்தக் கரையில் அக்கா தெக்லா, அந்தக் கரையில் தங்கை பெலிசித்தா. தெக்லாவைக் கட்டியவர் கிளீட்டஸ். அவர் என் பெரியம்மா மகன், எனக்கு அண்ணன். பெலிசித்தாவைக் கட்டியவர் ஹூபர்ட். ஆக, கிளீட்டஸும் ஹூபர்ட்டும் சகலைகள்.

போர் வந்ததும் கிளீட்டஸ் அண்ணன் மலைக்காரர்களோடு சேர்ந்து எங்கள் கரைக்குத் தளபதி ஆனார். அந்தக் கரையில் ராணுவம் வந்து முகாம் போட்டது. ஹூபர்ட் அவர்கள் கொடுத்த துப்பாக்கியை வாங்கிக்கொண்டு அந்தக் கரைக்குத் தளபதி ஆனார். சகலைகள் இருவரும் மனைவிமார் மண்ணில் நின்றுகொண்டு ஒருவரையொருவர் சுட்டார்கள். எங்கள் ஆட்கள் ஹூபர்ட்டின் வீட்டை எரித்தார்கள். அவர்கள் எங்கள் படகுகளை உடைத்தார்கள். இரண்டு கரையிலும் இளைஞர்களைப் புதைத்தோம். அந்தக் கணக்கை இங்கே நான் எடுக்கப்போவதில்லை.

அந்த வருடங்களில்தான் சகோதரிகளின் தாய் அந்தக் கரையில் இறந்துபோனார். தெக்லா மதினியால் போக முடியவில்லை. ஆற்றில் கால் வைத்தால் சுடுவார்கள். இக்கரையில் நின்று அக்கரையில் எழுந்த ஒப்பாரியைக் கேட்டுக்கொண்டிருந்தார். பெலிசித்தாவுக்கு அதன் பிறகு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதையும் மதினி தூரத்தில் இருந்து ஒரு சிவப்புத் துணியாகத்தான் பார்த்திருக்கிறார்.

சண்டை நின்ற பிறகாவது ஆற்றைக் கடந்திருக்கலாமே என்பீர்கள். இங்கேதான் இரண்டாவது பாகம் வருகிறது.

சண்டை போட்டவர்கள் ஒன்றுசேர வேண்டுமானால் பன்றி மாற்றிக்கொள்ள வேண்டும். இவன் பன்றி அவனுக்கு, அவன் பன்றி இவனுக்கு. பிறகு ஒரு அம்பை ஒடித்துப் போட்டு, ஒரே பாக்கைக் கடித்துப் பங்கிட்டு மென்றால் நெஞ்சு குளிர்ந்தது என்று அர்த்தம். அதுவரை ஒரு கரை ஆள் மறு கரையில் கால் வைக்கக் கூடாது. பெண்ணுக்கும் இதே சட்டம்தான். பன்றியை முன்கூட்டியே காட்டி, இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் பார்க்க அதன் கழுத்தில் சிவந்த தங்கெட் இலையை முடிந்துவிடுவார்கள். முடிந்த பிறகு அது பாதி அடுத்தவனுடைய பன்றி. நீ சோறு போடலாம், கொல்லக் கூடாது. கொன்றால் வாக்கை உடைத்தாய், மறுபடியும் சண்டை என்று பொருள்.

எல்லாம் நல்ல ஏற்பாடு. ஒரே ஒரு சிக்கல். யார் முதலில் பன்றியைக் கொடுக்கிறாரோ, அவர்தான் சண்டையைத் தொடங்கியவர் என்று ஒப்புக்கொள்கிறார்.

ஆகவே இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆற்றில் இறங்கி நடுவில் மாற்றிக்கொள்வதாக முடிவானது. முதல் முறை இரண்டு பேரும் பன்றிகளோடு கரையில் வந்து நின்றார்கள். அவர் காலைப் பார்த்து இவர் நின்றார், இவர் காலைப் பார்த்து அவர் நின்றார். உச்சி வெயில் வந்தது. பன்றிகள் படுத்துத் தூங்கிவிட்டன. அடுத்த முறை உபதேசியார் ஒருவர் விசில் ஊதினார்.

"அவன் கால் நனையல!" என்று எங்கள் அண்ணன் கத்தினார்.

"உன் கால் மட்டும் நனைஞ்சுதா? கட்டை விரலைத் தொட்டுட்டு எடுத்துட்ட, நான் பாக்கலைன்னு நெனச்சியா?" என்று ஹூபர்ட் கத்தினார்.

இரண்டு பேரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். பன்றிகள் மேலும் கொழுத்தன.

எங்கள் பக்கத்துப் பன்றியின் பெயர் மேஜர். தெக்லா மதினி குட்டியிலிருந்து வளர்த்தது. நாள் முழுக்க நிழலில் படுத்துக்கொண்டு உறுமி உறுமி எல்லோரையும் வேலை வாங்குவதால் அந்தப் பெயர்.

மூன்றாவது பாகம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. இரும்புப் பெட்டி. துறைமுகத்தில் அடுக்குகிற பெரிய கன்டெய்னர் இருக்கிறதே, அதே மாதிரி ஒன்றை ஐ.நா.காரர்கள் எங்கள் கரையில் கொண்டுவந்து வைத்தார்கள், அந்தக் கரையிலும் ஒன்று. எங்கள் துப்பாக்கிகள் எல்லாம் அதற்குள் போயின. தண்ணீர்க் குழாயை அறுத்து நாங்களே செய்தவை, ஜப்பான்காரன் அந்தக் காலத்தில் விட்டுப்போனதைத் துடைத்து எடுத்தவை, ராணுவத்திடம் பறித்தவை எல்லாமே. கதவின் தாழ்ப்பாளில் இரண்டு பூட்டுகள். ஒரு சாவி தளபதியிடம், இன்னொன்று ஐ.நா. ஆளிடம். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். ஒருவர் மனம் மாறினால் மற்றவர் பூட்டு பிடித்து நிறுத்தும். இதைக் கண்டுபிடித்தவன் யாரோ, அவன் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் என்று நான் நினைத்ததுண்டு.

கிளீட்டஸ் அண்ணன் தன் சாவியை நாரில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார். குளிக்கும்போது மட்டும் கழற்றுவார்.

ஐ.நா. ஆளின் பெயர் ஏரோ. பின்லாந்துக்காரர். நல்ல உயரம், கொஞ்சமாகப் பேசுவார், அதையும் எங்கள் பிட்ஜின் மொழியில் யோசித்து யோசித்துப் பேசுவார். அந்த வெள்ளிக்கிழமை அவர் இரண்டு பெட்டிகளையும் திறந்து சோதித்து, எல்லாம் உள்ளே இருக்கிறது என்று மேலே தெரிவிக்க வேண்டும். ஹூபர்ட்டின் ஆட்கள் ஆற்றுக்கு அப்பால் நின்று பார்ப்பார்கள். எங்கள் பெட்டியில் ஏதாவது தப்பு தெரிந்தால் அவர்கள் தங்கள் பூட்டை உடைத்துவிடுவதாக ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள்.

அதற்கு இரண்டு நாள் முன்னால் காலையில் நான் லாரியின் டேங்குக்குக் கீழே தணல் வைத்துக்கொண்டிருந்தேன். என் லாரி தேங்காய் எண்ணெயில் ஓடுவது. கடலை அடைத்த காலத்தில் டீசல் இல்லை, தேங்காய்க்குப் பஞ்சமில்லை. பாலைப் பிழிந்து காய்ச்சி, எண்ணெயைத் தெளியவிட்டு, பழைய துணியில் வடிகட்டி ஊற்றினால் டீசல் இன்ஜின் முகம் சுளிக்காமல் குடிக்கும். ஒரே குறை, மலைக்குளிரில் எண்ணெய் உறைந்துபோகும். அதனால் காலையில் கொஞ்சம் சூடு காட்ட வேண்டும். லாரி போன வழியெல்லாம் பலகாரம் பொரிக்கிற வாசனை அடிக்கும். பதுங்கிப் போகவேண்டிய காலத்தில் இது பெரிய தொல்லையாக இருந்தது.

அப்போதுதான் அண்ணன் வீட்டுப் பக்கம் மதினியின் அலறல் கேட்டது.

"ஐயோ! முழுங்கிருச்சே! மேஜர் முழுங்கிருச்சே!"

ஓடினேன். கிளீட்டஸ் அண்ணன் இடுப்பில் ஈரத்துணியோடு நின்றார், கழுத்து வெறுமையாக இருந்தது. மேஜர் எதையோ மென்றுகொண்டிருந்தது.

"எதை மதினி முழுங்கிச்சு?"

"சாவிய! உங்கண்ணன் குளிக்கப் போனாரு. கயிறு கீழ விழுந்து கெடந்துச்சு. நான் ஓடி வர்றதுக்குள்ள லபக்குன்னு!"

அண்ணன் மேஜரின் வாய்க்குள் விரலை விட்டார். மேஜர் கடித்தது.

"சனியனே! துப்புடா!"

"அத ஏன் திட்டுறீங்க? கழுத்துல கெடக்கிறத கழத்தி வச்சது யாரு?" என்றார் மதினி.

வேலிக்கு வெளியே ஊர் கூடிவிட்டது. ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். பப்பாளிக்காய் கொடு, கடல்தண்ணீர் கொடு, தலைகீழாகத் தொங்கவிடு. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள், ஏதோ நான் பன்றிக்கும் மெக்கானிக் மாதிரி. நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இரும்பு கனமானது. தீனியெல்லாம் மேலே மிதந்து நகர்ந்து போகும், சாவி இரைப்பையின் அடியில் கல் மாதிரி உட்கார்ந்துவிடும். பின்பக்கமாக வரும் என்று காத்திருக்கலாம், ஆனால் பந்தயம் கட்டமாட்டேன். ஆனாலும் அண்ணன் இரண்டு ஆட்களிடம் குச்சியைக் கொடுத்து மேஜரின் பின்னாலேயே அனுப்பினார். மேஜர் எங்கே போனாலும் பின்னால் இருவர் குனிந்துகொண்டே நடந்தார்கள். சாவி வரவில்லை.

அடுத்த நாள் ஏரோ ஜீப்பில் வந்து இறங்கினார். அண்ணன் தலையைச் சொறிந்தார்.

"சார், ஒரு சின்ன விஷயம். மேஜர் சாவிய முழுங்கிட்டாரு."

ஏரோ கொஞ்ச நேரம் யோசித்தார். "எந்த ராணுவத்து மேஜர்?"

பன்றியைக் காட்டினோம். மேலும் யோசித்தார். ஜீப்பிலிருந்து பூட்டு வெட்டுகிற பெரிய கத்தரியை எடுத்தார். அண்ணன் பதறிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வெட்டாதீங்க சார். அந்தக் கரையில இருந்து பாத்துட்டு இருக்கானுங்க. இங்க பூட்டு உடைஞ்சா அங்கயும் உடையும்."

"அப்படியென்றால் பன்றியை வெட்டுவோம்."

"அதையும் வெட்டக் கூடாது சார்."

கழுத்தில் இருந்த தங்கெட் இலையைக் காட்டி நான்தான் அவருக்கு விளக்கினேன். விளக்க விளக்க எனக்கே உற்சாகமாகிவிட்டது, அவ்வளவு அழகான பூட்டு அது. பெட்டியைத் திறக்கச் சாவி வேண்டும். சாவியை எடுக்கப் பன்றியைக் கொல்ல வேண்டும். பன்றியைக் கொல்லும் உரிமை ஹூபர்ட்டுக்கு மட்டும்தான், அதுவும் அவர் கைக்குப் போன பிறகுதான். அவர் கைக்குப் போக வேண்டுமானால் எங்கள் அண்ணன் முதலில் கொடுக்க வேண்டும். முதலில் கொடுத்தால், சண்டையை நான்தான் தொடங்கினேன் என்று ஒப்புக்கொண்டதாக ஆகும்.

"ஒப்புக்கொண்டால் என்ன?" என்றார் ஏரோ.

"செத்தாலும் மாட்டேன்" என்றார் அண்ணன்.

ஏரோ ஜீப்பின் பானெட்டில் சாய்ந்துகொண்டார். "நாளை மதியம் வரை இருக்கிறேன். அதற்குமேல் பெட்டி திறக்கவில்லை என்றுதான் எழுத வேண்டும்."

அண்ணன் வீட்டுக்குள் போய்ப் பாயில் குப்புறப் படுத்தார். வெளியே எங்கள் ஆட்கள் குசுகுசுவென்று பேச ஆரம்பித்தார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. 'அவனுங்க உடைக்கிறதுக்கு முன்னாடி' என்று அதில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. போர் எப்படித் தொடங்கும் என்று நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். பெரிய சத்தம் எதுவும் இருக்காது, இப்படித்தான் இருக்கும்.

லாரிக்குத் திரும்பி எண்ணெய் வடிகட்ட உட்கார்ந்தேன். தெக்லா மதினி வந்தார். கையில் வாழையிலைப் பொட்டலம். அதற்குள் தமத்தாமா, சேப்பங்கிழங்கை இடித்துத் தேங்காய்ப்பால் ஊற்றிச் செய்வோமே, அது. பசியோடு கையை நீட்டினேன். மதினி பொட்டலத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டு, மடியிலிருந்து எதையோ எடுத்துக் கிழங்குக்குள் அழுத்தினார். நாரோடு சேர்த்துச் சாவி.

"மதினி! இது..."

"வாய மூடு. ஈ போயிரும்."

"அப்ப மேஜர்?"

"பாவம், அது வாழப்பழத்தத் தின்னுட்டு இருந்துச்சு."

எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தன. "எதுக்கு மதினி இப்படி? சண்ட வந்துறப்போகுது!"

மதினி என் எதிரில் ஒரு எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இந்த ரெண்டு ஆம்பளைங்களும் கால நனைக்கிறதுக்கு நான் எத்தன மழைக்காலம் காத்துக் கெடக்கிறது? எங்கம்மா செத்தப்ப நான் இந்தக் கரையில நின்னு அழுதேன். இன்னும் ஒரு பிடி மண்ணு போடல. எந்தங்கச்சி புள்ளைக்குப் பல்லு மொளச்சு விழுந்தும் போச்சு. நான் தொட்டுப் பாக்கல. மண்ணு எங்கம்மாவுது. சண்ட மட்டும் இவனுங்களுதா?"

"பெலிசித்தாவுக்குத் தெரியுமா?"

"யோசனையே அவளோடதுதான்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சகோதரிகள் இருவரும் சாயங்காலம் துணி துவைக்கும்போது ஆற்றின் இரண்டு பக்கத்திலும் நின்று ஊரே காதைப் பொத்துகிற மாதிரி திட்டிக்கொள்வார்கள். எங்கள் ஆண்களுக்கு அதில் பெருமை, பெண்கள் எவ்வளவு விசுவாசமாகச் சண்டை போடுகிறார்கள் என்று. போன வாரம் பெலிசித்தா கத்தியது என் காதிலும் விழுந்திருந்தது. 'உன் பன்னி கண்டதையும் முழுங்குமாமே, உம் புருஷன் கழுத்துல கெடக்கிறதையும் முழுங்கப்போகுது பாத்துக்கோ!' அதற்கு மதினி பதிலுக்கு, 'முழுங்குனா அத அறுத்துப் பாக்க நீ வாடி!' என்றார். ஆண்கள் கை தட்டினார்கள்.

"நாளைக்கு உங்கண்ணன் பன்னியோட இறங்குவாரு. நீ பின்னாலயே இந்தப் பொட்டலத்தக் கொண்டுபோயி எந்தங்கச்சி கையில குடு. அவ குடல் கழுவுறப்ப கண்டெடுப்பா."

"அண்ணன் இறங்குவாருன்னு யாரு சொன்னது? செத்தாலும் மாட்டேங்கிறாரே."

"இறங்குவாரு. இறங்கலன்னா பூட்டு உடையும். பூட்டு உடைஞ்சா என்ன ஆகும்னு உன்னையும் என்னையும் விட அவருக்கு நல்லாத் தெரியும்."

சொல்லிவிட்டு எழுந்து போனார். ஆனால் நடையில் அவ்வளவு நிச்சயம் இல்லை. இந்தப் பந்தயத்தில் தோற்றால் அந்தக் கரை அவருக்கு இனி எப்போதும் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. ஏரோ பெட்டிக்கு முன்னால் தன் சாவியோடு உட்கார்ந்துவிட்டார். அந்தக் கரையில் ஹூபர்ட்டின் ஆட்கள் வந்து நின்றார்கள். வெயில் ஏறியது. அண்ணன் வெளியே வரவில்லை. எங்கள் ஆட்களில் ஒருவன் ஏரோவின் வெட்டும் கத்தரியையே பார்த்துக்கொண்டிருந்தான். மதினி தவித்துக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றிக் கூட்டினார். கூட்டுவதற்கு அங்கே ஒன்றுமே மிச்சம் இல்லை.

ஏரோ கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்த சமயம் கதவு திறந்தது. அண்ணன் நல்ல சட்டை போட்டிருந்தார், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிற சட்டை. மேஜரின் கயிற்றை அவிழ்த்தார்.

"கமிலஸ், வாடா."

பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

கோருவாவில் இடுப்பளவு தண்ணீர். அண்ணன் நிற்காமல் இறங்கினார், கட்டை விரலைத் தொட்டுப் பார்க்கவில்லை. மேஜர் உறுமிவிட்டு நீந்தத் தொடங்கியது. ஆற்றின் பாதி தூரம் வந்ததும் அண்ணன் திரும்பாமலே சொன்னார்:

"பொட்டலத்தத் தூக்கிப் பிடிடா. தண்ணி பட்டா சாவி துருப்பிடிக்கும்."

என் கால் வழுக்கியது. பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணே... உங்களுக்கு..."

"நான் சாவிய மாட்டியிருந்தது பப்பாளி மரத்துல, என் தலைக்கு மேல. பன்னி எந்தக் காலத்துலடா மரம் ஏறிச்சு? நேத்து உங்க மதினி பொட்டலத்தோட உன் லாரிப் பக்கம் போனப்பவே மிச்சமும் புரிஞ்சு போச்சு."

"அப்புறம் ஏண்ணே அது வாயில கைய விட்டீங்க?"

"வேற என்ன செய்யச் சொல்ற? ஊரே பாக்குது." தண்ணீரைத் தள்ளிக்கொண்டு இரண்டு எட்டு நடந்தார். "நேத்தே இறங்கியிருப்பேன். கால் வரல. பன்னி முழுங்குன சாவிக்காகப் போறேன்னு சொல்லிக்கிட்டுதான் இன்னிக்கு வந்தது. உங்க மதினிகிட்ட சொல்லாத. தான் புத்திசாலின்னு நெனச்சிட்டு இருக்கா, இருந்துட்டுப் போகட்டும்."

இதற்குள் எதிர்க்கரையில் ஒரே களேபரம். ஹூபர்ட் இதை எதிர்பார்க்கவில்லை. பெருத்த மனிதர், கரையில் முன்னும் பின்னும் ஓடினார்.

"நில்லு! அங்கயே நில்லு சகலை! ஒரு அடி வைக்காத!"

"ஏன், சுடப்போறியா?" என்றார் அண்ணன்.

"சுடுறதுக்கு ஏதுய்யா துப்பாக்கி, அத்தனையும் பெட்டிக்குள்ள கெடக்கு! என் பன்னி அவுத்துக்கிட்டு ஓடிருச்சு! வெறுங்கையோட வாங்குனா என் மூஞ்சி என்ன ஆகிறது? நில்லுய்யா!"

அண்ணன் ஆற்றின் நடுவில் மேஜரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் கரை வாழைத்தோப்புக்குள் துரத்தலும் கத்தலும் கேட்டன. கொஞ்ச நேரத்தில் ஹூபர்ட் ஒரு கறுப்புப் பன்றியின் காதையும் வாலையும் பிடித்துக்கொண்டு, இடுப்புத்துணி அவிழ்ந்தது தெரியாமல், தண்ணீருக்குள் தொபுக்கென்று விழுந்து எழுந்து வந்தார். யாரோ சிரித்தார்கள். எங்கள் கரையா அவர்கள் கரையா என்று தெரியவில்லை. பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

சகலைகள் எதிரெதிரே நின்றார்கள். சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்று இருக்கிறது. அண்ணன் அதைச் சொன்னார்.

"நான்தான் தொடங்கினேன். உன் வீட்ட எரிக்கச் சொன்னது நான்தான். இந்தா, என் பன்னி."

ஹூபர்ட் மூச்சு வாங்கினார். கையில் இருந்த பன்றி திமிறியது.

"அதுக்கு முன்னாடி உன் படகை உடைக்கச் சொன்னது யாரு? நான்தான். நான்தான் மொதல்ல."

"இல்ல, உன் தம்பிய மொதல்ல அடிச்சது எங்க ஆளு."

"அட, சண்டைக்கே முன்னாடி, உன் வாழைத்தாரை வெட்டிட்டு வௌவால் தின்னுச்சுன்னு சொன்னேனே, அது யாரு? நான்தான்யா தொடங்குனது!"

"வௌவால் இல்லையா அது?"

"நான்தான்!"

"அப்ப அந்த வருஷமே எனக்குத் தெரியாம..." அண்ணனின் முகம் சிவந்தது. நான் பயந்துபோய் அவர் தோளைத் தொட்டேன். அவர் பெருமூச்சு விட்டார். "சரி. இருந்தாலும் இன்னிக்கு மொதல்ல கொண்டுவந்தது நான்தான்."

"கொண்டுவந்தது நீ. தொடங்குனது நான். சரியாப் போச்சா?"

கயிறுகள் கை மாறின. அம்பை ஒடித்து ஆற்றில் விட்டார்கள். ஒரு பாக்கை ஹூபர்ட் கடித்துப் பாதியை நீட்ட, அண்ணன் வாங்கி மென்றார். இரண்டு பேர் பற்களும் ஒரே சிவப்பாயின.

நான் கரையேறிப் பெலிசித்தாவிடம் பொட்டலத்தைக் கொடுத்தேன். "மதினி குடுத்தாங்க. பாத்துக் கடிக்கணுமாம், பல்லு போயிருமாம்."

"என் பல்லு கெட்டி. நீ போ" என்றாள் அவள்.

ஹூபர்ட்டின் ஆட்கள் மேஜரை அறுத்தார்கள். பெலிசித்தா குடலைக் கழுவ ஆற்றோரம் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் கையை உயர்த்தி, "கெடச்சிருச்சு!" என்று கூவினாள். ஏரோ நீளக் கால்களால் ஆற்றைத் தாண்டி வந்து சாவியை வாங்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். சாவியின் பல் இடுக்கில் வெள்ளையாகக் கொஞ்சம் தேங்காய்ப்பால் கிழங்கு ஒட்டியிருந்தது. நார்க் கயிற்றில் ஒரு கீறல்கூட இல்லை.

"உங்கள் பன்றிகள் நன்றாகச் சாப்பிடுகின்றன" என்றார். சட்டையில் துடைத்து அண்ணனிடம் கொடுத்தார்.

இரண்டு பூட்டும் திறந்தன. உள்ளே துப்பாக்கிகள் வைத்தது வைத்தபடி, நடுவில் ஒரு பெரிய சிலந்திக்கூட்டோடு இருந்தன. இந்த முறை ஹூபர்ட் ஆற்றுக்கு அப்பால் நிற்காமல், எங்கள் பெட்டிக்குள்ளேயே தலையை விட்டுப் பார்த்தார். பிறகு அவர்கள் பெட்டி. அதன் பிறகு சமையல். மேஜரின் தொடை யாருக்கு என்று சகலைகள் இருவரும் மீண்டும் ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் தெக்லா மதினியைத் தேடினேன். அவர் எப்போது ஆற்றைக் கடந்தார் என்று யாரும் பார்க்கவில்லை. மேட்டுத் தோட்டத்தில் குரல் கேட்டுப் போனேன். அவர்கள் தாயின் சமாதிக்கு மேல் புது மண் கொட்டியிருந்தது. அதற்குப் பக்கத்தில் நின்று, இடுப்பில் தங்கை மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு, அவ்வளவு பெரிய பிள்ளை காலைத் தொங்கப்போட்டுச் சிரித்துக்கொண்டிருக்க, மதினி பெலிசித்தாவைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா தலமாட்டுல எவளாவது மிளகா நடுவாளாடி?"

"அம்மாதான் கேட்டுச்சு. சாகுறதுக்கு முன்னாடி."

"எனக்குச் சொல்லியிருக்கலாம்ல?"

"எங்க வந்து சொல்றது? ஆத்துக்கு நடுவுல நின்னா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு மதினி குனிந்தார். ஒரு மிளகாயைப் பறித்துக் கடித்துப் பார்த்தார். காரம் தலைக்கேறி இருமினார். தங்கை ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.